படத்துக்குக் கீழே இருந்த ஊர்

பாப்பாரப்பட்டி
3-3-2025

தொப்பூர் சாலை உதவிக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் இணையப் பக்கத்தின் அடியில் இருக்கும் போன் நம்பருக்கு நான்கு நாளாகக் கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அதனால் அதற்குக் கீழே இருந்த விலாசத்துக்கு இதை எழுதுகிறேன்.

என் பெயர் அமுதவல்லி. பிப்ரவரி பதினொன்றாம் தேதி தொப்பூர் கணவாயில் ஒரு வேன் கவிழ்ந்தது. அதில் அடிபட்டு அன்றைக்கே இறந்துபோன தீர்த்தம்மாள் என் மாமியார். பெயர் தெரியாதவர்கள் என்று மூன்று பேரின் படத்தை அன்று நீங்கள் போட்டிருந்தீர்கள். அதில் இரண்டாவதாக இருப்பவர்தான் அத்தை. தலை முழுக்கக் கட்டு. தோளில் பச்சை ரவிக்கையின் ஓரம் தெரியும். அந்த ரவிக்கை நான் தைத்தது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட்க வந்தது ஒன்றுதான். அந்தப் படத்துக்குக் கீழே முதலில் சேலம் ஆஸ்பத்திரி என்று இருந்ததா? பிறகு தர்மபுரி என்று மாற்றினீர்களா? நான் பார்த்தபோது சேலம் என்று இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இப்போது திறந்தால் தர்மபுரி என்று இருக்கிறது. என் கணவர் பெங்களூரில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அன்றைக்கே பார்த்தார். அவருக்கும் தர்மபுரி என்றுதான் இருந்ததாம்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் வித்தியாசம் தெரியாதவள் அல்ல. ஆனால் இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னைத் தெரியாதவளாக ஆக்கிவிட்டார்கள்.

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். போனில் வருவதை இங்கே யாரும் நம்பமாட்டார்கள். நானும் இனி நம்புவதாக இல்லை.

இப்படிக்கு,
கு. அமுதவல்லி


தர்மபுரி
10-3-2025

திருமதி அமுதவல்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மாமியாரின் மறைவுக்கு எங்கள் குழுவின் சார்பில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம். குழுவின் இணையப் பக்கத்தை வடிவமைத்துப் பராமரிப்பவன் என்ற முறையில் நான் பதில் எழுதுகிறேன்.

11-2-2025 அன்று காலை பதினொரு மணிக்கு மூன்று படங்களும் வெளியிடப்பட்டன. தங்கள் மாமியார் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருப்பதாகவே எங்கள் பதிவில் உள்ளது. அந்தத் தகவலில் பிறகு எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.

பதற்றமான நேரத்தில் வாசிப்பதில் தவறு ஏற்படுவது யாருக்கும் இயல்பு. தாங்கள் மனம் வருந்த வேண்டாம்.

இப்படிக்கு,
சோஹைல்
இணையப் பக்கப் பொறுப்பாளர்


காரிமங்கலம்
17-3-2025

சோஹைல் அவர்களுக்கு,

காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியதற்கு நன்றி. கேட்டதைச் செய்தீர்கள். விலாசம் மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இது என் அம்மா வீடு.

உங்கள் கடிதம் வந்தபோது நான் தையல் மிஷினில் இருந்தேன். என் கணவரின் அண்ணன் முருகேஷ்தான் தபால்காரரிடம் வாங்கினார். நடுக்கூடத்தில் நின்று சத்தமாக வாசித்தார். "வாசிப்பதில் தவறு" என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். "கேட்டுக்க குமாரு. எழுதிப் போட்டு வாங்கிருக்கா பாரு, சர்டிபிகேட்டு"ன்னார். குமார் என் கணவர். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் நானே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். யாரிடமாவது ஒரு தடவை முழுசாகச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபம்.

அத்தை மேச்சேரி கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டு ரவிக்கைகள் பதினாலு பாக்கி இருக்கிறது, வரமாட்டேன் என்றேன். "உனக்கு மிஷினு தான்டி சாமி"ன்னு சொல்லிவிட்டு முந்தின நாள் தனியாகக் கிளம்பினார்கள். அம்மாவைத் தனியாக அனுப்பினாயே என்று அன்று மாலை குமார் போனில் கத்தினார், நானும் கத்தினேன். மறுநாள் காலை திரும்பி வரும்போது பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஏதோ வேனில் ஏறியிருக்கிறார்கள். கூட யாருமில்லை, அதனால் பெயர் சொல்லவும் ஆளில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் குமார் உங்கள் பக்கத்தை என் போனுக்கு அனுப்பினார். கீழே "அம்மா. உடனே போ" என்று இருந்தது. அவ்வளவுதான். சண்டைக்காரர் அல்லவா. நான் பார்த்தேன், சேலம் என்று வாசித்தேன், கட்டிய புடவையோடு ஓடினேன். பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரி, அங்கிருந்து வேறு பஸ்ஸில் சேலம். அத்தை படுத்திருந்த ஊரின் பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, சீக்கிரம் எடுக்கமாட்டானா என்று கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் ஒவ்வொரு வார்டாகத் தேடினேன். உங்கள் குழுவைச் சேர்ந்த அன்பு என்ற பையன் அங்கே இருந்தான். யாரிடமோ போனில் கேட்டுவிட்டு, "அக்கா, தர்மபுரிங்க, ஓடுங்க"ன்னான். திரும்பும் பஸ்ஸில் மறுபடி உங்கள் பக்கத்தைத் திறந்தேன். தர்மபுரி என்று இருந்தது. அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அத்தை ஐந்து பத்துக்கு இறந்தார்கள். குமார் வந்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. நான் அதற்கும் பிறகு. "இத்தன நேரம் எங்கடி இருந்த?"ன்னு கேட்டார். சேலத்தில் என்று சொன்னேன். அதை யார் நம்புவார்கள்? அத்தைமேல் கோபம், வேண்டுமென்றே நேரம் கடத்தினாள் என்று ஊரே பேசிவிட்டது.

போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். கண் சரி, உங்கள் பக்கமும் சரி. அப்படியானால் குறை என் மனசில்தான் இருக்க வேண்டும். தூரமாக இருக்கிற ஊரை என் மனசே தேர்ந்தெடுத்ததா என்று யோசிக்கிறேன். மிஷினை மிதிக்கும்போதும் அதே யோசனைதான்.

இதற்குப் பதில் வேண்டாம்.

அமுதவல்லி


தர்மபுரி
27-3-2025

அமுதவல்லி அக்காவுக்கு,

உங்கள் கண்ணிலும் குறை இல்லை, மனசிலும் இல்லை. நீங்கள் பார்த்தபோது சேலம் என்றுதான் இருந்தது. நான் எழுதியது பொய்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். இதற்கு முன் நான்கு தடவை எழுதிக் கிழித்ததில் இந்த வரி ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரில் திறந்தால் எங்கள் படப்பக்கத்தில் ஒரு வரிசைக்கு மூன்று படம் வரும், அதற்குக் கீழே மூன்று எழுத்துப் பெட்டி வரும். மேலே ஆள், நேர் கீழே ஆஸ்பத்திரி. சரியாக இருக்கும். உங்கள் கணவர் பார்த்தது அது. செல்போன் திரைக்கு அகலம் போதாது. அதனால் இருக்கிறதையெல்லாம் இரண்டிரண்டாக அடுக்கிக்கொள் என்று பக்கத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது அப்படியே செய்தது. முதல் வரிசையில் முதல் இரண்டு படம். அடுத்த வரிசையில் மூன்றாவது படமும், மிச்சமிருந்த இடத்தில் முதல் எழுத்துப் பெட்டியும். உங்கள் அத்தையின் படத்துக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது முதல் ஆளுக்கு உரிய எழுத்து. அவர் இருந்தது சேலத்தில்.

படத்தையும் அதன் எழுத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டிருந்தால் திரை எவ்வளவு சுருங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். பத்து நிமிஷ வேலை. தெரியாமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசை, அதுவும் முடியாது. ஜனவரியில் மரக்கன்று நடும் விழாப் படங்களை இதே பக்கத்தில் போட்டபோது, எங்கள் தலைவர் மாதவராஜ் சார் போன் பண்ணி, "யோவ், எம்பேர கன்னுக்குட்டிக்குப் போட்டிருக்கியே, அது நேத்து நட்டதெல்லாம் தின்னுது, நானா தின்னேன்?"ன்னு சிரித்தார். நானும் சிரித்தேன். பொங்கல் முடியட்டும் சார், சரி பண்றேன் என்றேன். பொங்கலும் முடிந்தது, தை மாதமும் முடியப் போனது.

இதைவிட மோசமானது இனிமேல்தான். அன்று சேலத்திலிருந்து அன்பு போனில் கேட்டது என்னிடம்தான். "ஒரு அக்கா அழுவுறாங்க, நம்ம பக்கத்துல சேலம்னு போட்டிருக்குதாம்." என் போனில் திறந்து பார்த்தேன். உங்கள் அத்தையின் படத்துக்குக் கீழே சேலம் என்றே இருந்தது. தர்மபுரிக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் பக்கத்தைச் சரி செய்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல காரியம் செய்கிற வேகத்தில் செய்தேன் அக்கா. நான் அப்படிச் சத்தமில்லாமல் திருத்தியதால்தான் பஸ்ஸில் நீங்கள் திறந்தபோது தர்மபுரி என்று இருந்தது. தவறு நடந்த தடத்தையே துடைத்துவிட்டேன். அந்தப் பழி உங்கள் தலையில் விழுந்தது.

"தகவலில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை" என்று எழுதினேனே, அதை நானே வாசித்து மெச்சிக்கொண்டேன். தகவலை மாற்றவில்லை, அடுக்கிய விதத்தைத்தானே மாற்றினேன், அதனால் பொய் இல்லையாம். குழுவின் பெயர் கெட்டுவிடும், போலீஸ், கேஸ் என்று போகும் என்று பயந்தேன். இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் இந்த ஊரில் நாலு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதையும் இழக்கப் பயந்தேன்.

உங்கள் இரண்டாவது கடிதத்தை என் மனைவி தஸ்லீம் பிரித்து வாசித்துவிட்டாள். "இவங்களுக்கு என்ன எழுதினீங்க?"ன்னு கேட்டாள். சொன்னேன். "நோன்பு வெச்சுக்கிட்டா எழுதினீங்க?"ன்னாள். அன்றிலிருந்து நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தட்டை என் பக்கம் நகர்த்துகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டரில் எப்படித் தெரிந்தது, போனில் எப்படித் தெரிந்தது என்று இரண்டையும் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சோஹைல்


காரிமங்கலம்
3-4-2025

சோஹைல் தம்பிக்கு,

தம்பி என்று எழுதியதால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. வயசு தெரிந்தது, அவ்வளவுதான். கூப்பிட வேறு வார்த்தைகளும் வாயில் இருக்கின்றன. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதால் எழுதவில்லை.

நீ அனுப்பிய இரண்டு படத்தையும் தரையில் விரித்து விரலை வைத்துப் பார்த்தேன். புரிந்துவிட்டது. சட்டையில் முதல் பொத்தானை ஒரு காஜா தள்ளிப் போட்டால் கடைசிவரை தள்ளியேதான் போகும். பொத்தானும் நல்ல பொத்தான், காஜாவும் நல்ல காஜா. போட்டவன் கையில்தான் கோளாறு. தையற்காரியிடம் வந்து மாட்டிக்கொண்டாய்.

தவறு நடந்ததற்கு உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கூட ஒரு தடவை கல்யாணப் பெண்ணின் ரவிக்கையைக் குட்டையாக வெட்டியிருக்கிறேன். ஆனால் மறுநாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "நீதான் குண்டாயிட்ட"ன்னு சொல்லவில்லை. நீ அதைத்தான் சொன்னாய். ஒரு மாதமாக நான் என்னையே கொலைகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதத்தை எந்தப் பெட்டியில் போடுவாய்?

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயே, சொல்கிறேன். எனக்குச் சொன்னது போதாது. பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குமார் பாப்பாரப்பட்டிக்கு வருவார், முருகேஷ் மாமாவும் இருப்பார். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போ. முதல் கடிதம் எந்தக் கூடத்தில் வாசிக்கப்பட்டதோ அதே கூடத்தில் நின்று சொல். நான் அங்கே இருக்கமாட்டேன். நான் சொல்லிக் கொடுத்து அழைத்து வந்தேன் என்று பேச்சு வரக் கூடாது.

அடித்தாலும் அடிப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அமுதவல்லி


தர்மபுரி
15-4-2025

அக்காவுக்கு,

போய் வந்தேன். மாதவராஜ் சாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூட வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்தில் இப்போது நடந்த தவறையும் தேதியையும் எழுதிப் போட்டிருக்கிறோம். படமும் எழுத்தும் ஒரே பெட்டியில் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் முதலில் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். உதவிக் குழுவிலிருந்து துக்கம் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த மோரைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது? அப்படியே கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

முருகேஷ் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். மோர் எல்லாம் என்மேலேயே கொட்டியது. "செத்து ரெண்டு மாசம் ஆவுது, இப்ப வந்து கத சொல்றியா? அவ எவ்வளவு கொடுத்தா?"ன்னார். உங்கள் கணவர்தான் கையை விலக்கிவிட்டார். "காட்டு"ன்னார்.

பழைய அடுக்கை லேப்டாப்பில் திறந்தேன். மூன்று படம், மூன்று எழுத்து. அத்தைக்குக் கீழே தர்மபுரி. பிறகு அதன் ஓரத்தைப் பிடித்துச் செல்போன் அகலத்துக்கு இழுத்துக் குறுக்கினேன். படங்கள் இறங்கி உட்கார்ந்தன. அத்தைக்குக் கீழே சேலம்.

உங்கள் கணவர் லேப்டாப்பைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அவரே இழுத்தார். அகலமாக்கினார், தர்மபுரி. குறுக்கினார், சேலம். மறுபடி அகலம், மறுபடி குறுக்கம். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. போதும் அண்ணா என்று நான்தான் கடைசியில் மூடினேன். முருகேஷ் அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் நான் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

பஸ் ஏற்றிவிட உங்கள் கணவரும் கூட வந்தார். நான் அவரிடம் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். "தர்மபுரின்னு ஒரு வார்த்த தட்டிருந்தா போதும். கோவத்துல லிங்க்க மட்டும் அனுப்புனேன். அவளே பாத்துக்கட்டும்னு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஒரு மணி வாக்குல ஒருதரம் கூப்பிட்டேன். ரிங் போச்சு, எடுக்கல. பஸ் சத்தத்துல கேட்டிருக்காது பாவம்"ன்னார். இருபதாம் தேதி காரிமங்கலத்துக்கு வருவதாகச் சொன்னார்.

நான் பஸ்ஸில் ஏறியதும் லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அத்தைக்கு ஆறு மணி நேரம் கூட ஆள் இல்லாமல் போனது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வீட்டில் தஸ்லீம் என் சட்டையில் இருந்த மோர்க் கறையைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சோஹைல்


பாப்பாரப்பட்டி
9-5-2025

தம்பி சோஹைலுக்கு,

விலாசம் மறுபடி மாறிவிட்டது, பார்.

இருபதாம் தேதி குமார் வந்தார். என் அம்மா, தெருக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "தப்பு என்னுதுதான் அமுதா, வூட்டுக்கு வா"ன்னார். பெரிய மனுஷன் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். முருகேஷ் மாமா என் மிஷினுக்கு எண்ணெய் போட்டு ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருக்கிறார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது, இதுவே பெரிசு. தெருவில் யாரும் இப்போது என்னைப் பார்த்துக் குசுகுசுப்பதில்லை. மாறாக, பாவம் என்கிறார்கள். என்ன பழி, என்ன பொறுமை என்கிறார்கள்.

அதுதான் தாங்கவில்லை.

உன் கடிதத்தில் குமார் சொன்னதாக ஒன்று எழுதியிருந்தாய். பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது என்று. அந்த வரியை வாசித்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பஸ்ஸில் சத்தமே இல்லை தம்பி. தர்மபுரி ஸ்டாண்டில் அது நின்றுகொண்டிருந்தது, எஞ்சின்கூடப் போடவில்லை. போன் என் மடியில் இருந்தது. அவர் பெயர் வந்தது, படம் வந்தது. நேற்றுக் கத்தியவர் இப்போதும் கத்தத்தான் கூப்பிடுகிறார், போய்த்தான் கொண்டிருக்கிறேனே, கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்திருந்தால் எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார். சேலம் பஸ்ஸில் என்று சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

உன் பக்கம் தப்பாகக் காட்டியது உண்மை. அதை நீ நிரூபித்துக் கொடுத்தாய், என் கண்ணையும் மனசையும் திருப்பிக் கொடுத்தாய், அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, முழுசாகச் சொல்கிறேன் என்று எழுதிய கடிதத்திலும் இதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் அழுதபோது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து நின்றேன். எல்லோரும் அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் நீ பதினேழு நாள் எடுத்துக்கொண்டாய். அதற்காக உன்னைக் காய்ச்சி எடுத்தேன். இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து எனக்குப் பத்தொன்பது நாள் ஆகிறது. நாளைக்குச் சனிக்கிழமை, குமார் வருவார். தெரிந்தால் மறுபடி என்னைக் காரிமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிடுவாரோ என்னவோ. வாயால் சொல்லப் போனால் நான் அழுது மழுப்பிவிடுவேன், அவரும் பரவாயில்லை விடு என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்குக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளவில்லை.

"நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது."

அமுதவல்லி